கொளுத்தியவனும் அணைத்தவனும்

மகாவீரரிடம் காலோதாயி என்பவர் ஒரு கேள்வி கேட்டதாகப் பகவதி சூத்திரத்தில் வருகிறது. இரண்டு பேர். ஒருவன் தீயைக் கொளுத்துகிறான், இன்னொருவன் அதை அணைக்கிறான். இவர்களில் யாருக்கு வினை அதிகம்? சமணம் அறியாதவருக்கு இது ஒரு கேள்வியாகவே படாது. எங்களுக்கோ தீயும் உயிர். நெருப்பையே உடலாகக் கொண்ட உயிர்கள் உண்டு என்பது எங்கள் நம்பிக்கை. அணைப்பவன் அவற்றைக் கொல்கிறான். கொளுத்தியவனுக்கே வினை அதிகம் என்று மகாவீரர் விடை சொன்னார். அவன் செயலால் மண்ணிலும் நீரிலும் காற்றிலும் செடியிலும் உள்ள உயிர்களும், நடமாடும் உயிர்களும் ஏராளமாகச் சாகின்றன. அணைத்தவனால் அதிகம் சாவது தீயுயிர் மட்டுமே.

பகவதி சூத்திரம் சுவேதாம்பர ஆகமம். தமிழ்ச் சமணர்களாகிய நாங்கள் திகம்பரர், அந்த ஆகமங்களை எங்கள் மரபு ஏற்பதில்லை. ஆனாலும் படித்த நாளிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவில்லை. காரணம் என் பிழைப்பு. வந்தவாசிப் பக்கம், பொன்னூர் மலையில் குந்தகுந்த ஆசாரியரின் பாதங்களை வணங்கி வளர்ந்தவன் நான். வனத்துறையில் சேர்ந்து, பணிக்காலத்தின் பெரும்பகுதியைச் சத்தியமங்கலம் மலையில், ஆசனூர், தலமலைப் பக்கம் வனவராகக் கழித்தேன். கோடை முழுவதும் தீயை அணைப்பது என் வேலை. தை மாதத்தில் தீயை வைப்பதும் என் வேலை.

எங்கள் வீட்டில் பொழுது சாயுமுன் சாப்பாடு முடிந்துவிடும். துணியில் வடிகட்டாத தண்ணீரை அம்மா அடுப்பில் ஏற்றியதில்லை. விறகை எடுத்தால் முதலில் தரையில் இரண்டு தட்டு. இடுக்கில் எறும்போ பூச்சியோ இருந்தால் இறங்கிப் போகட்டும் என்று சற்றுப் பொறுப்பாள், அப்புறம்தான் அடுப்புக்குள் தள்ளுவாள். இல்லறத்தார் விலக்க வேண்டிய கொடுந்தொழில்கள் என்று பதினைந்தைச் சமண நூல்கள் சொல்கின்றன. காட்டுக்குத் தீ வைப்பது அவற்றில் ஒன்று. எனக்கு வேலை உத்தரவு வந்தபோது பெரியப்பா அதைத்தான் எடுத்துச் சொன்னார்.

“அங்க போனப்புறம் காட்டைக் கொளுத்துன்னு சொன்னா என்னப்பா செய்வே?”

“காட்டைக் காப்பாத்தத்தான் போறேன் பெரியப்பா” என்றேன். அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

தை பிறந்ததும் தீத்தடுப்புக் கோடு எடுக்கும் வேலை தொடங்கும். பாதையோரமாகவும் எல்லை நெடுகவும் புல்லையும் புதரையும் வெட்டிப் போடுவோம். அது காய்ந்ததும், காற்று அடங்கிய நேரம் பார்த்துச் சுட்டுவிடுவோம். மாசி, பங்குனியில் எங்கிருந்தாவது பெருந்தீ வந்தால் அந்தக் கரிக்கோட்டில் தின்ன ஒன்றும் கிடைக்காமல் அது நின்றுவிட வேண்டும் என்பது கணக்கு. சுடும்போது இரண்டு பக்கமும் ஆள் நிற்கும். கோட்டைத் தாண்ட முயலும் நெருப்பைப் பச்சைத் தழைக் கொத்தால் அடித்துக்கொண்டே நடப்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் சோளகர். கோடைக்கு மட்டும் தீக்காவலராகக் கூலிக்கு எடுப்போம். எந்த ஓடை எப்போது வற்றும், எந்தக் கணவாயில் காற்று எந்தப் பொழுதில் திரும்பும் என்பதெல்லாம் அவர்களைக் கேட்டுத்தான் எங்களுக்குத் தெரியும். ஆனால் அதே ஆள், கூலியில்லாமல், தன் யோசனைப்படி, அதே மாதத்தில் கோட்டுக்கு நான்கு அடி தள்ளி ஒரு குச்சியைக் கிழித்தால் குற்றவாளி. 1882ஆம் ஆண்டின் வனச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது, 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. கோட்டில் வைக்கும் தீ கடமை என்றும், அதன் பக்கத்தில் வைக்கும் தீ குற்றம் என்றும் சர்க்கார் பிரித்துவிட்டது. வினைக்கு அந்தப் பிரிவினை தெரியுமா என்பதே என் கவலையாக இருந்தது.

கோடு சுட்ட மறுநாள் அந்தக் கரியில் நடந்து பார்ப்பது என் வழக்கம். ஓடு வெளுத்த நத்தைகள் கிடக்கும். ஓடத் தெரியாத ஓணான் குஞ்சு கிடக்கும். பெயர் தெரியாத வண்டுகள் கிடக்கும். பார்த்துவிட்டு வந்து குளித்து, உட்கார்ந்து, செய்த பிழைக்கு வருந்திச் சொல்லும் பிரதிக்கிரமணம் சொல்வேன்.

ஆசனூருக்கு மேலே ஒரு தொட்டியில், அதாவது சோளகர் குடியிருப்பில், இருந்த முதியவர் ஒருவரிடம்தான் தீயைப் பற்றி நான் அதிகம் கற்றுக்கொண்டேன். அங்கே எல்லோரும் அழைப்பதுபோல நானும் அவரை அஜ்ஜா என்பேன். அவருடைய வாலிபத்தில், பொங்கல் கழிந்த சில வாரங்களுக்குள், மண்ணில் ஈரம் மிச்சமிருக்கும்போதே, காட்டின் ஒரு பக்கத்தில் சருகுக்குத் தீ வைப்பார்களாம். தரகு பெங்கி என்பது அவர்கள் வழக்கு. சரிவின் மேலிருந்து கீழே இறங்கும்படி வைத்தால் தீ மெல்ல நடக்கும், முழங்காலுக்கு மேல் எழாது, மரத்தின் பட்டையைத் தொட்டுவிட்டுப் போய்விடும். கீழிருந்து வைத்தால் அது ஏறிப் பாயும், அப்படி வைக்கவே கூடாது என்பார். ஒரு வருஷம் சுட்ட இடத்தை அடுத்த வருஷம் விட்டுவிடுவதும் உண்டு.

“சருகு கொஞ்சமா இருக்கறப்பவே சுட்டுடணும் சார். சேர விட்டா அப்புறம் நாம சுட வேண்டியதே இல்லை. அதுவே சுட்டுக்கும், மரத்தோட சேர்த்து.”

அந்தச் சிறு தீ என்னென்ன செய்யும் என்று அவர் சொன்னதைக் கேட்டால், தீயைப் பற்றிப் பேசுகிறாரா, வீட்டுக்காரியின் காலை வேலைகளைப் பற்றிப் பேசுகிறாரா என்று தோன்றும். முற்றிய புல் போய்த் தளிர்ப்புல் வரும், மானும் காட்டெருதும் அதைத் தேடி வரும். உண்ணி குறையும். புதர் தாழ்ந்து கிடப்பதால் யானை நிற்பது தூரத்திலேயே தெரியும். சீமாறு கட்டும் சிற்றீச்சை புதிதாகத் துளிர்க்கும். நெல்லி மரத்தில் ஏறும் புல்லுருவியை, அவர்கள் உப்பிலு என்பதை, தீயின் சூடு வாட்டிவிடும். லாண்டனா எனப்படும் உண்ணிச்செடியின் கன்றுகள் சருகோடு கருகிப் போகும்.

மலைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையிலும் இதே மக்கள்தாம். அங்கே சோலிகர் என்பார்கள். மலைமேல் கோயில் கொண்ட ரங்கநாதர் தங்கள் குலத்துப் பெண்ணை மணந்தவர் என்பதால் அவரை மைத்துனர் முறை வைத்துப் பேசும் மக்கள். அந்தக் காடு 1974இல் சரணாலயமானது. காட்டெரிப்பு வேளாண்மையும் சருகுத் தீயும் நிறுத்தப்பட்டன. பின்னால் பெங்களூரின் ஏட்ரீ ஆய்வு நிறுவனத்தார் அங்கே உண்ணிச்செடியை அளந்தார்கள். 1997இல் அவர்கள் பார்த்த இடங்களில் பாதிக்கும் குறைவானவற்றில்தான் அது இருந்தது. 2008இல் மறுபடி பார்த்தபோது ஐந்தில் நான்கு பங்கு இடங்களில் இருந்தது. சருகுத் தீ நின்றதும் இதற்கு ஒரு காரணம் என்று சோலிகப் பெரியவர்கள் சொல்ல, ஆய்வாளர்கள் அதைத் தள்ளிவிடாமல் எடுத்து எழுதினார்கள். புல்லுருவி மிகுந்தால் நெல்லியின் காய்ப்பு குறைகிறது என்பதையும் அளந்து சொன்னார்கள்.

அதே ஆய்வாளர்கள் இன்னொன்றும் சொன்னார்கள், அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆள் உயரத்துக்கு மேல் உண்ணிச்செடி மண்டிக் கிடக்கும் காட்டில் இன்று பழையபடி தீயை வைத்தால் அது சருகுத் தீயாக இருக்காது. உலர்ந்த உண்ணிச்செடி ஏணியாகி நெருப்பை மரத்தின் உச்சிக்கு ஏற்றிவிடும். முதலில் வெட்டி வேரோடு அகற்ற வேண்டும். அதன் பிறகே தீயைப் பற்றிப் பேச முடியும். முதுமலையிலிருந்து வரும் சான்று இன்னும் கடுமையானது. அங்கே நூறு ஆண்டுக்கு முன் ஓரிடம் சராசரியாகப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை எரிந்தது, சென்ற நூற்றாண்டின் கடைசியில் அது மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாகிவிட்டது என்று கண்டார்கள். இப்படி அடிக்கடி எரிந்தால் கன்று மரமாவது எப்படி? ஆகவே தீ நல்லது என்று ஒருவர் பொத்தாம் பொதுவாகச் சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். தீ கெட்டது என்று பொத்தாம் பொதுவாகச் சொன்னதால் வந்த வினையைத்தான் இத்தனை நாள் நாங்கள் அடித்து அணைத்துக்கொண்டிருந்தோம். தீயை அறவே தடுத்த சால் காடுகளில் இளங்கன்று எழும்பவில்லை என்பதை வங்காளத்தில் வெள்ளைக்கார அதிகாரிகளே கண்டு, 1920களில் அளவறிந்து எரிப்பதற்குத் திரும்பினார்கள். அந்த அறிவும் கோப்புக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது.

எங்கள் மரபு தலைமேல் வைத்துக் கொண்டாடும் தத்துவார்த்த சூத்திரத்தில் உமாஸ்வாமி இம்சைக்கு இலக்கணம் சொல்கிறார். உயிரைப் போக்குவது என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிரைப் போக்குவது என்கிறார். கவனமின்மை, சோம்பல், ஆசையின் வேகம் எல்லாம் பிரமாதத்தில் அடங்கும். பார்த்துப் பார்த்து அடிவைக்கும் துறவியின் காலடியில் ஒரு சிற்றுயிர் வந்து விழுந்து இறந்தால் அவருக்கு இம்சைப் பழி இல்லை என்றும், பாராமல் நடப்பவன் ஒன்றையும் மிதிக்காவிட்டாலும் இம்சை செய்தவனே என்றும் உரைகாரர்கள் விளக்குவார்கள்.

இந்த இலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் இரண்டு செயல்களைப் பார்த்தேன். அஜ்ஜாவின் தீயில் மாதம் பார்த்தல் இருந்தது, மண்ணின் ஈரம் பார்த்தல் இருந்தது, காற்றும் சரிவும் பார்த்தல் இருந்தது, சென்ற ஆண்டு எங்கே எரிந்தது என்ற நினைவு இருந்தது. தடை உத்தரவில் இவற்றில் எதுவும் இல்லை. ஒருமுறை எழுதியதோடு சரி. அதன்பின் சருகு எவ்வளவு சேர்ந்தது, புதர் எவ்வளவு உயர்ந்தது, நெல்லி ஏன் காய்க்கவில்லை என்று ஆண்டுதோறும் போய்ப் பார்த்து, உத்தரவை எடுத்து நிறுத்துப் பார்த்தவர் யாருமில்லை. பிரமாதம் எந்தப் பக்கம் இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அதற்காகச் சருகுத் தீயில் இம்சையே இல்லை என்று சொல்ல நான் துணியமாட்டேன். அந்த நத்தை ஓடுகளைப் பார்த்தவன் அப்படிச் சொல்ல முடியாது. இல்லறத்தானுடைய இம்சையை எங்கள் ஆசாரியர்கள் நான்காகப் பிரிப்பார்கள். கொல்ல வேண்டும் என்று எண்ணியே செய்வது ஒன்று, அதை முற்றிலும் விலக்க வேண்டும். வீட்டு வேலையிலும் தொழிலிலும் தற்காப்பிலும் நேர்வன மற்ற மூன்று. அவற்றை முற்றிலும் விலக்க இல்லறத்தானால் ஆகாது, குறைத்துக்கொண்டே வரவேண்டும். வட ஆற்காட்டுச் சமணர்களில் பெரும்பாலோர் உழவர். ஏர் இறங்கினால் மண்புழு அறுபடும் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தே உழுதார்கள், தெரிந்ததனால் மாலையில் பிரதிக்கிரமணமும் சொன்னார்கள். சருகுத் தீயை நான் அந்த வரிசையில் வைக்கிறேன்.

ஊருக்குப் போயிருந்தபோது பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் விடவில்லை.

“உழுதாத்தான் சோறு. காட்டைச் சுடலேன்னா யாருக்கு என்னப்பா குறைஞ்சுது? இடி விழுந்து எரிஞ்சா அது இடியோட போவுது. அதை நீ ஏன் உன் கணக்குல ஏத்திக்கணும்?”

வலுவான வாதம். சமணம் அறிந்தவர் யாரும் முதலில் இதைத்தான் சொல்வார். எதுவும் செய்யாமல் நிற்பதே உயர்ந்தது என்பது எங்கள் மரபின் மையமான எண்ணம். அசையாமல் நின்ற பாகுபலியின் காலில் கொடி படர்ந்ததைத்தானே கும்பிடுகிறோம்.

ஆனால் எங்கள் மலைக் காட்டில் கோடையில் எரியும் தீ பெரும்பாலும் இடியால் வருவதில்லை. மனிதக் கை வைத்தது, தெரிந்தோ தெரியாமலோ. அணையாத பீடித் துண்டு, சாலையோரம் சமைத்தவர்கள் விட்டுப்போன கங்கு, சில சமயம் பகை. உண்ணிச்செடியும் தானாக வந்ததல்ல. அமெரிக்க வெப்பநாட்டுச் செடி, பூவின் அழகுக்காக வெள்ளைக்காரர் தோட்டத்துக்குக் கொண்டுவந்தது. சருகைத் தின்னும் தீயை நிறுத்தியதும் மனிதச் செயல்தான். இவ்வளவும் நடந்த காட்டில், நான் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டு நிற்க ஓர் இடம் மிச்சமில்லை. வினை மூன்று வழியில் வரும் என்பதைப் பெரியப்பாவேதான் சிறுவயதில் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்: தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல். சருகு சேர்ந்துகொண்டே போவதற்கு உடன்பட்டவர்கள், பங்குனியில் உச்சிவரை எரியும் தீக்கும் உடன்பட்டவர்களே. இதைச் சொன்னதும் அவர் வெகுநேரம் யோசித்தார். ஏற்றுக்கொண்டார் என்று சொல்லமாட்டேன்.

பாரதத்தில் காண்டவ வனம் எரிகிறது. அக்னியின் பசிக்காக ஒரு காடு முழுவதும். இரண்டு தேர்களில் கிருஷ்ணனும் அர்ஜுனனும் சுற்றி வந்து, தப்பி ஓடும் உயிர்களைத் திருப்பித் தீக்குள்ளேயே விழச் செய்கிறார்கள். பிழைத்தவை ஆறே உயிர்கள்: அசுவசேனன், மயன், நான்கு சாரங்கப் பறவைகள். சிறுவயதில் அந்தக் கதை எனக்குக் கொடுங்கனவாக இருந்தது. மலையில் வேலை பார்த்த பின் அதை வேறு விதமாகப் படித்தேன். அந்தக் கதையின் கொடுமை நெருப்பைவிட, வெளியேறும் வழியை அடைத்ததில் இருக்கிறது. ஈரமுள்ள மாதத்தில், ஒரு சரிவில் மட்டும், மெல்ல நடக்கும் தீக்கு முன்னால் ஓடும் மான் பக்கத்துச் சரிவுக்குப் போய்விடும். பாம்பு வளைக்குள் இறங்கும். பறவை எழும்பும். எல்லா உயிரும் தப்பாது, ஆனால் வழி திறந்திருக்கும். பல ஆண்டுச் சருகும் உண்ணிச்செடியும் சேர்ந்து, பங்குனி வெயிலில், காற்றோடு எரியும் தீக்கு நான்கு பக்கமும் தேர்தான்.

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் நடந்ததைத் தமிழ்நாடு மறந்திருக்காது. மலையேறப் போனவர்கள், பெரும்பாலும் இளம் வயதினர், உயர்ந்து காய்ந்த போதைப்புல்லுக்கு நடுவே தீயில் சிக்கினார்கள். இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த இரவு எங்கள் முகாமில் யாரும் தூங்கவில்லை. காய்ந்த புல் எரியும் வேகத்தை நேரில் கண்ட எங்களுக்கு, அங்கே கடைசி நிமிடங்களில் என்ன நடந்திருக்கும் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தீயை வைக்கலாம் என்று நான் எழுதும் ஒவ்வொரு வரியையும் அந்தப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். நெருப்போடு விளையாட யாருக்கும் உரிமை கிடையாது. மாசி பிறந்த பின் ஒரு பொறியையும் அனுமதிக்கக் கூடாது. பழக்கமில்லாதவர் கையில் கொள்ளியைக் கொடுக்கக் கூடாது.

அப்படியானால் யார் கையில் கொடுப்பது, தீ கைமீறினால் பழி யாருக்கு என்பதில்தான் எல்லாம் நின்றுபோகிறது. வனக்காவலருக்கு வேலை போகும். சோளகருக்கு வழக்கு வரும். மேலே இருப்பவர் தடை தொடரட்டும் என்று எழுதிவிட்டால், காடே எரிந்தாலும் அவர் பெயர் எங்கும் வராது. கொளுத்துபவன் ஒருவன்மீது முழுப்பழியையும் வைத்தால், கவனமாகக் கொளுத்தத் தெரிந்தவன் ஒதுங்கிக்கொள்வான்.

இதில் கலிபோர்னியாவின் அனுபவம் நமக்குப் பாடம். 1850இல் அந்த மாநிலம் பூர்வகுடிகளை அடக்க இயற்றிய சட்டத்தில், புல்வெளிக்குத் தீ வைப்பவனுக்கும் எரியும் தீயை அணைக்க முயலாதவனுக்கும் ஒரே பிரிவில் தண்டனை வைத்தார்கள். காலோதாயியின் இரண்டு மனிதர்களும் அங்கே குற்றவாளிகள். க்ளாமத் ஆற்றங்கரையில் யூரோக், காருக் மக்கள் கூடை முடைய நேரான ஹேசல் குச்சி வேண்டிப் புதரைச் சுடுவார்கள், அதுவும் குற்றமானது. நூற்றாண்டுக்கு மேல் சேர்ந்த விறகெல்லாம் பெருந்தீயாக எரிந்து ஊர்களைத் தின்ற பிறகு, 2021இல் அதே மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பயிற்சி பெற்றவரோ, மரபறிந்த பூர்வகுடியினரோ முறைப்படி வைத்த தீ கைமீறினால், அவர்களிடம் பெரும் அலட்சியம் இருந்தால் ஒழிய, அணைத்த செலவை அரசு அவர்களிடம் கேட்காது. உமாஸ்வாமி சொன்ன பிரமாதத்தையே அந்தச் சட்டமும் அளவுகோலாகப் பிடித்தது என்று படித்தபோது நான் மிகவும் மகிழ்ந்தேன்.

நம்மிடம் இதற்குப் பாதி வழி ஏற்கெனவே போட்டுக் கிடக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், தாங்கள் மரபாகக் காத்துவரும் காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு உரிமை தருகிறது. பிலிகிரிரங்கன் மலைச் சோலிகர்கள் 2011இல் சமூக வன உரிமை பெற்றார்கள். புலிகள் காப்பகத்துக்குள் அது கிடைத்தது பெரிய செய்தியாகப் பேசப்பட்டது. தேனும் நெல்லியும் எடுக்கும் உரிமை வந்தது, தீ வரவில்லை. தேனெடுப்பவரையும் நெல்லி பறிப்பவரையும் நம்பிய சட்டம், அந்த நெல்லியைக் காத்த அறிவை நம்பவில்லை.

நான் கேட்பது பெரிய அளவில் அல்ல. ஒரு தொட்டியை ஒட்டி, உண்ணிச்செடியை வெட்டி வேரோடு அகற்றி முடித்த ஒரு சிறு சரிவு. தை மாதம். கிராம சபை கூடி எந்த நாள், எந்தப் பக்கம் என்று முடிவு செய்யட்டும். மரங்களை எண்ணி, கன்றுகளைக் குறித்து வைக்க ஆய்வாளர்கள் வரட்டும், சுடாமல் விட்ட பக்கத்துச் சரிவையும் சேர்த்து ஐந்தாறு ஆண்டுகள் பார்க்கட்டும். சுடுவதற்கு முன் அந்தச் சரிவை எல்லோரும் ஒருமுறை நடந்து, தட்டி, ஓடக்கூடியவை ஓட நேரம் கொடுக்கட்டும். எரிப்புக்கு ஒரு பதிவேடு இருக்கட்டும். அதில் தீ வைத்தவர் பெயர் மட்டும் இருந்தால் போதாது. கூடி முடிவெடுத்த ஊராரும், அனுமதி கொடுத்த வன அலுவலரும், அளக்க வந்த ஆய்வாளரும் தீ மூட்டுவதற்கு முன்பே அதில் கையெழுத்திட வேண்டும். செய்தவரும் செய்வித்தவரும் உடன்பட்டவரும் ஒரே பக்கத்தில். ஓய்வு பெற்றவனுக்கு அதிகாரம் ஒன்றும் இல்லை. ஆனாலும் என்னை அழைத்தால் போய், உடன்பட்டவர்கள் வரிசையில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.